கணக்கியல் மாணவர்களுக்குக் கொடை அளிக்க முன்வருவோருக்கு: வேலூர் வட்டாரத்தில் தொடங்கும் முறை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஏதேனும் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு இன்று கடையோ தொழிற்கூடமோ நடத்துபவர்கள், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வளைகுடா நாடுகளில் வேலையில் இருப்பவர்கள் எனப் பலருக்கும், தாம் படித்த துறையின் மாணவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. எங்கே தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்பதில் தெளிவில்லாமல், பெரும்பாலும் ஆண்டு விழா மேடையில் முதல் மதிப்பெண் பெற்றவருக்கு ஒரு கேடயமும் ஓர் உறையும் கொடுப்பதோடு அந்த எண்ணம் நின்றுவிடுகிறது. முதன்முறையாக இதில் இறங்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தனியாளாகவோ, நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தோ, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முதல் சில லட்சங்கள் வரை ஒதுக்கக்கூடியவர்களை மனத்தில் வைத்தே இதில் உள்ளவை சொல்லப்படுகின்றன.

இந்த வட்டாரத்துக்குக் கொடை புதிதன்று. வேலூரில் 1902-இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் எழுந்தது. வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் கல்வி நிலையங்கள் உருவானதில் தோல் வணிகர்களின் பங்கு பெரியது. ஆனால் இவை எல்லாம் கட்டடமும் நிலமும் சார்ந்த கொடைகள். கணக்கியல் மாணவர் ஒருவரை வேலைக்குத் தயார்ப்படுத்தும் கொடை வேறு வகையானது: சிறு சிறு தொகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நாள், அந்த நாள் தவறினால் நான்கு மாதமோ ஓராண்டோ வீண். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், தேர்வு விண்ணப்பத்தில் பொறிக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, இந்த இடம் கொடையாளர்களின் கண்ணில் அதிகம் படுவதில்லை.

அரசு எதுவரை தருகிறது என்று முதலில் பாருங்கள்

பணம் ஒதுக்குவதற்கு முன், அரசு ஏற்கெனவே எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் படி. இல்லையென்றால் அரசு கொடுக்கும் இடத்திலேயே உங்கள் பணமும் போய் விழும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழ் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்குத் தனித்தனியே கல்வி உதவித்தொகைகள் உண்டு. வேலூர் ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணமே குறைவு. வேலூரில் இயங்கும் அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகின்றன.

ஆகவே அரசுக் கல்லூரி மாணவரின் கல்லூரிக் கட்டணத்தை நீங்களும் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. விதிவிலக்கு ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் அதே வளாகத்தில், அதே பி.காம். பட்டத்துக்கு, சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்காமல் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தவரின் கட்டணம் பல மடங்கு கூடுதலாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒரே கல்லூரி மாணவர்கள்தாம். கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுவதென்றால் இந்தப் பிரிவை முதலில் கேட்டறிய வேண்டும்.

அரசு உதவியின் பட்டியலில் கவனிக்க வேண்டிய செய்தி, அது நிற்கும் இடம். மாதம் வந்துகொண்டிருந்த 1,000 ரூபாய் பட்டப்படிப்பு முடிந்ததும் நின்றுவிடுகிறது. சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இரண்டாம் கட்டமான இடைநிலைக்குப் பதிவு செய்ய வேண்டிய மாணவருக்குப் பெரிய செலவு தொடங்குவது சரியாக அந்த மாதங்களில்தான். வீட்டிலும், "படிப்பு முடிந்ததே, வேலைக்குப் போகவில்லையா?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. கொடையாளர் நிற்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

துறைத்தலைவரிடம் போகும்போது

அடுத்த படி, கல்லூரியின் வணிகவியல் துறைத்தலைவரை நேரில் பார்ப்பது. முதல்வரின் இசைவு கட்டாயம் தேவை, ஆனால் விவரங்கள் துறையில்தான் இருக்கும். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் நாற்காலி, மின்விசிறி, ஒளிப்படக்கருவி என்று ஒரு பட்டியல் வரும். அதில் தவறில்லை, ஆனால் மாணவரின் வேலைவாய்ப்புக்கு அது நெருக்கமானதன்று. குறிப்பாகக் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர்களில் சி.ஏ., சி.எம்.ஏ. (அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு) பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், பதிவு செய்ய விரும்பியும் செய்யாதவர்கள் எத்தனை பேர், அதற்குக் காரணம் பணமா, ஆங்கிலமா, வீட்டாரின் தயக்கமா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? கணினி ஆய்வகத்தில் உரிமம் பெற்ற கணக்கியல் மென்பொருள் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே உங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

விடைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். காட்பாடியிலிருந்து அதிகாலை ரயிலேறிச் சென்னைக்குப் போய்வரக்கூடிய மாணவரின் தேவை வேறு, பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் மாணவியின் தேவை வேறு.

கைப்பயிற்சிக்குக் கொடுப்பது

பி.காம். முடிப்பவர்களில் பெரும்பாலோர் சி.ஏ. எழுதப்போவதில்லை. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு நிறுவனம், வேலூரில் ஒரு நகைக்கடை அல்லது தங்கும் விடுதி, ஓர் ஆடிட்டர் அலுவலகம் என எங்கேனும் கணக்கு உதவியாளராகச் சேர்வார்கள். அவர்களை முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி, "டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவியா?" என்பதுதான். கொடையாளர்கள் இந்தப் பெரும்பான்மையை மறந்துவிட்டுச் சி.ஏ. எழுதும் நான்கு பேரை மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆய்வகத்துக்குக் கொடுக்கும் பணம் ஒரு வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேர்கிறது என்பதால் அதை முதலில் வைக்கிறேன்.

டேலி பிரைம் என்ற கணக்கு எழுதும் மென்பொருளை உரிமம் வாங்காமல் கற்றல் முறையில் திறக்கலாம், பல மாணவர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள். ஆனால் அந்த முறையில் ஒரு மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். 7-ஆம் தேதி கொடுத்த காசோலை 11-ஆம் தேதி வங்கியில் பாஸானது என்பதை உள்ளபடி பதிந்து பார்க்க வழியில்லை. கடைக் கணக்கையும் வங்கி அறிக்கையையும் பொருத்திப் பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தேர்வுத் தாளில் பிழையின்றிப் போடும் மாணவர், கடை முதலாளி வங்கி அறிக்கையை நீட்டும்போது திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல கணினிகளில் ஒரே சமயத்தில் இயங்கும் உரிமம் ஒன்றை வாங்கித் தருவதும், அதன் ஆண்டுப் புதுப்பிப்புக்கு மூன்றாண்டுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதும் ஒரு நல்ல முதல் கொடை. புதுப்பிப்பை மறந்துவிட்டால், வரிப் படிவங்கள் மாறும்போது மென்பொருள் பின்தங்கிவிடும்.

உரிமத்தைவிட அரிய பொருள் ஒன்று இருக்கிறது. அது உண்மையான பில் கட்டு. நீங்கள் வணிகராக இருந்தால் உங்கள் கடையின் ஒரு மாதத்துக் கொள்முதல் பில்கள், விற்பனைப் பில்கள், வங்கி அறிக்கை, கூலி வவுச்சர்கள் ஆகியவற்றை நகலெடுத்து, பெயர்களையும் தொலைபேசி எண்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் கறுப்பு மையால் மறைத்துத் துறைக்குக் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரு இலக்கங்களை மட்டும் மறைக்காதீர்கள், அவை மாநிலத்தைக் குறிப்பவை. பயிற்சியின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

வேலூர் மண்டித் தெருவில் உள்ள ஒரு மொத்தக் கடையின் கட்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் சென்னையிலிருந்து வந்த ஒரு பில்லின் எண் 33 என்று தொடங்கும், சித்தூரிலிருந்து வந்த மாம்பழக்கூழ் பில்லின் எண் 37 என்று தொடங்கும். முன்னது தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை என்பதால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. பின்னது ஆந்திரத்திலிருந்து எல்லை கடந்து வந்ததால் ஒருங்கிணைந்த வரி. சித்தூர் இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான், ஆனால் கணக்கில் அது வேறு மாநிலம். மாணவர் இதைத் தாமே பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு விற்றவர் தம் கணக்கில் காட்டிய பில்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி பட்டியலாக வருவதை எடுத்து, கையில் உள்ள பில்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பில் கையில் இருந்தும் பட்டியலில் இல்லையென்றால் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது, விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மாத ரிட்டர்ன் போடும் வணிகருக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் சுருக்கப் படிவம் 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும் என்ற அவசரத்தோடு இதைச் செய்து பார்த்தவருக்கு, முதல் மாத வேலையில் புதிதாகத் திகைக்க அதிகம் இராது.

தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றும் சேர்க்கலாம். தோலை மற்றொரு கூடத்துக்கு வேலைக்கு அனுப்பும்போது போடும் டெலிவரி சலான், திரும்பி வந்ததற்கான குறிப்பு, செய்த வேலைக்கான பில் ஆகிய மூன்றையும் ஒரு தொகுப்பாகக் கொடுங்கள். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அது விற்பனையாகவே கருதப்படும் என்ற விதி பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். சலானில் உள்ள தேதியைப் பார்த்து அதைக் கணக்கிடும்போதுதான் மாணவருக்கு அது மனத்தில் நிற்கும். ஏற்றுமதியாளர்களாக இருப்பின் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லும், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் வசூல் சான்றும் சேர்ந்த ஒரு கோப்பு போதும், ஆம்பூரில் வேலைக்குச் செல்பவருக்கு அது மிகப்பெரிய முன்தயாரிப்பு.

இந்தப் பயிற்சியை நடத்த, ஆடிட்டர் அலுவலகத்தில் பணியாற்றும் அனுபவமுள்ள ஒருவரைச் சனிக்கிழமைகளில் வரவழைத்து மதிப்பூதியம் கொடுப்பதும் உங்கள் செலவுத் திட்டத்தில் இருக்கட்டும். இலவசமாக வருவதாகச் சொல்பவர்கள் செப்டம்பர் மாதம் வந்ததும் வரமாட்டார்கள். அவர்கள்மீது குறையில்லை: வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கடைசி நாள், அந்த மாதம் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் எவருக்கும் ஓய்வு கிடையாது. அதே மாதத்தில் அந்த அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்படும் என்பதை நினைவில் வைத்து, ஆகஸ்டு, செப்டம்பரில் மாணவர்களைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பத் துறையோடு பேசி ஏற்பாடு செய்யலாம். பேருந்துச் செலவும் மதிய உணவுச் செலவும் கொடையிலிருந்து.

தொழில்முறைத் தேர்வுகளுக்குக் கொடுப்பது

சி.ஏ. படிப்பின் அமைப்பு 2023 ஜூலை முதல் மாறியிருக்கிறது. தாம் படித்த காலத்து விதிகளை நினைவில் வைத்துக்கொண்டு மாணவருக்கு அறிவுரை சொல்லும் கொடையாளர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அடிப்படைத் தேர்வில் 4 தாள்கள், இடைநிலையில் இரண்டு குரூப்பாக 6 தாள்கள், இறுதித் தேர்விலும் அவ்வாறே 6 தாள்கள். பி.காம். பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம், இறுதியாண்டு படிக்கும்போதே தற்காலிகமாகப் பதிவு செய்யவும் வழி உண்டு. ஆர்டிகிள்ஷிப் எனப்படும் அலுவலகப் பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, இடைநிலையின் இரண்டு குரூப்பிலும் தேறிய பிறகே அது தொடங்கும். தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை என்பது மூன்று முறை ஆகிவிட்டது. பதிவுக்கான கடைசி நாள்கள் ஜனவரி 1, மே 1, செப்டம்பர் 1.

இடைநிலைக்கு இரண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவுக் கட்டணம் சுமார் 18,000 ரூபாய். தேர்வுக் கட்டணம், தகவல் தொழில்நுட்பப் பயிற்சிக்கும் அறிமுகப் பயிற்சிக்கும் கட்ட வேண்டிய தொகை ஆகியவை இதற்கு மேல். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், பணம் ஒதுக்கும் ஆண்டில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துத் தொகையை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆறாம் பருவத் தேர்வு முடிந்து, செப்டம்பர் 1-க்குள் பதிவு செய்தால்தான் அடுத்த மே மாதத்தில் இடைநிலை எழுத முடியும், ஏனெனில் பதிவுக்கும் தேர்வுக்கும் இடையே எட்டு மாதப் படிப்புக் காலம் வேண்டும். அந்த நான்கு மாதத்துக்குள் 18,000 ரூபாய் புரட்ட முடியாத மாணவர் ஏதேனும் ஒரு கடையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்கிறார், சேர்த்துவைத்துப் பிறகு பதிவு செய்யலாம் என்று நினைக்கிறார். பிறகு என்பது பெரும்பாலும் வருவதில்லை.

எனவே பதிவுக் கட்டணத்தை மாணவர் கட்டிவிட்டு ரசீது காட்டினால் திருப்பித் தருவோம் என்ற முறை இங்கே உதவாது. கட்ட முடியாதவருக்காகத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். மாணவரின் பதிவுப் படிவம் நிரப்பும் நாளில் துறை ஆசிரியர் ஒருவரும் உடனிருந்து, கட்டணத்தை நேரடியாக இணையவழியில் செலுத்திவிடுவதே சரி.

சி.ஏ. மட்டுமே கணக்கியல் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். அடக்கவிலைக் கணக்காளருக்கான சி.எம்.ஏ. படிப்பில் பட்டதாரிகள் இடைநிலையில் நேரடியாகச் சேரலாம், ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள், 15 மாதப் பயிற்சி. காலணி, தோல், இயந்திர உற்பத்தி எனத் தொழிற்கூடங்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு அடக்கவிலை தெரிந்தவர்கள் மிகவும் தேவை, ஆனால் கல்லூரிகளில் அதைப் பற்றிச் சொல்பவர் குறைவு. வங்கித் தேர்வு, அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு ஆகியவற்றுக்குத் தயாராகும் மாணவருக்கு நூலகத்தில் புத்தகமும் மாதிரித் தேர்வுச் சந்தாவும் வாங்கிக் கொடுத்தால் போதுமானது.

ஆங்கிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சி.ஏ. தேர்வைத் தமிழில் எழுத முடியாது. பள்ளியில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று படித்துத் தேறிய மாணவருக்குக் கணக்கு தெரியும், சட்டத் தாளில் விடையைப் பத்தியாக எழுதுவதுதான் தடுமாற்றம். பொதுவான ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இதற்குப் பயன்படாது. கடந்த தேர்வுகளின் சட்டத் தாள் வினாக்களை வாரம் ஐந்து எழுதவைத்துத் திருத்திக் கொடுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் பணத்தோடு தம் நேரத்தையும் கொடுக்க முன்வந்தால், அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

பயிற்சிக் காலத்தில் தாங்கிப் பிடிப்பது

இடைநிலையில் தேறியவருக்கு உதவி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்டிகிள்ஷிப்பில் ஸ்டைபண்ட் என்ற மாதப் படி உண்டு என்பது உண்மை. அதன் குறைந்தபட்ச அளவு, அலுவலகம் இருக்கும் நகரத்தின் மக்கள்தொகையைப் பொறுத்தது. சென்னையில் சற்றுக் கூடுதல், வேலூரில் குறைவு. ஆனால் சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் அந்தக் கூடுதலை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். முன்பணம் கட்டாமல் விடுதியில் இடம் கிடைக்காது, பல அலுவலகங்களில் மடிக்கணினி சொந்தமாக இருக்க வேண்டும், தணிக்கைக்குப் போகும் இடத்துக்கு ஒழுங்கான உடை வேண்டும். இவை எல்லாம் முதல் ஸ்டைபண்ட் கைக்கு வருவதற்கு முன்பே வரும் செலவுகள். முதல் ஆறு மாதத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகையும், இரண்டாண்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற உடன்பாட்டோடு ஒரு மடிக்கணினியும் கொடுப்பது, என் பார்வையில், இந்தப் பணத்தால் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது. நீங்கள் இப்படி ஒதுக்கும் பணத்தைக் கொண்ட நிதியத்தில் நான்கு மடிக்கணினிகள் இருந்தால் அவை கைமாறிக்கொண்டே இருக்கும்.

சென்னையா, வேலூரா என்பதில் கொடையாளர் தம் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களின் தணிக்கையைப் பார்க்க வேண்டுமானால் சென்னை. ஆனால் சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ இருக்கும் ஒரு நடுத்தர அலுவலகத்தில், ஒரு வணிகரின் கோப்பை முதல் பதிவிலிருந்து வருமான வரிப் படிவம் வரை ஒரே ஆள் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும், வீட்டுச் சாப்பாடும் மிச்சம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவருக்கு இது பல சமயம் சிறந்த தொடக்கம். பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு வேலூரிலேயே கிளை இருக்கிறது. பயிற்சி இடம் தேடும் மாணவரை உள்ளூர் ஆடிட்டர்களோடு அறிமுகப்படுத்த அதன் வழியாக முயலலாம். அந்த நிறுவனம் தானே நடத்தும் மாணவர் நல நிதியும் உதவித்தொகைகளும் உண்டு, அவற்றுக்கு விண்ணப்பிக்க மாணவருக்கு வழிகாட்டினாலே உங்கள் பணத்தில் ஒரு பகுதி அடுத்தவருக்கு மிஞ்சும்.

யாருக்குக் கொடுப்பது

முதல் மதிப்பெண் பெற்றவருக்கே கொடுப்பது எளிது, எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மாலையில் துணிக்கடையில் நின்றுவிட்டு 62 விழுக்காடு எடுத்தவர், வீட்டிலிருந்து படித்து 80 எடுத்தவரைவிடத் தாக்குப்பிடிப்பவராக இருக்கலாம். குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் (சி.ஏ.வுக்கு 55 விழுக்காடு என்பதே போதும்), அரியர் இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள், வருமானச் சான்றிதழ் கேளுங்கள். அதற்கு மேல் துறை ஆசிரியர்களின் சொல்லும் மாணவரோடு அரை மணி நேரப் பேச்சும் போதும். தேர்வுக் குழுவில் ஓர் ஆசிரியர், ஓர் ஆடிட்டர், கொடையாளர் தரப்பில் ஒருவர் என மூவர் இருக்கட்டும். உறவினர் விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள், பின்னால் எழுதினால் யாரையோ குறிவைத்ததாகிவிடும்.

தேறாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். சி.ஏ. தேர்வில் முதல் அட்டெம்ப்ட்டில் தேறாதவர்களே மிகுதி. இரண்டு அட்டெம்ப்ட் வரை தேர்வுக் கட்டணம் தருவோம், ஒவ்வொரு முறையும் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும் என்பது நியாயமான வரம்பு. மேடையில் நிறுத்திக் காசோலையைப் பிடிக்கவைத்துப் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடலாம். பீடி சுற்றும் தாயின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி உதவி வழங்கப்பட்டதற்காக அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே மறுத்த பிள்ளைகள் உண்டு.

எந்த வழியாகக் கொடுப்பது

மாணவருக்கு நேரடியாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவின் அனுமதி பெற்ற அறக்கட்டளை அல்லது கல்லூரியின் வழியாகக் கொடுத்தால் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்குக் கழிவு உண்டு, புதிய முறையில் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. அறக்கட்டளை உங்களுக்கு அந்தச் சட்டத்தில் 10பிஇ எனப்படும் நன்கொடைச் சான்றைத் தர வேண்டும், வெறும் ரசீது போதாது. 2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் இந்தப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் வேலூரிலேயே பிறந்தவரானாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதைப் பெறும் அறக்கட்டளைக்கு அதற்கான பதிவும், புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கல்லூரிக்குக் கொடுக்கும் குறுக்குவழி எல்லோரையும் சிக்கலில் மாட்டிவிடும்.

நிறுவனமாக இருப்பவர்களில், நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றை எட்டியவர்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்கிறது. கல்வி அதில் அடங்கும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் பணிபுரியும் பழைய மாணவர்கள் இதைத் தம் நிருவாகத்திடம் எடுத்துச் சொல்லலாம்.

நிரந்தர வைப்பு நிதியா, ஆண்டுக் கொடையா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். 3 லட்சம் ரூபாயை 6.5 விழுக்காடு வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 19,500 ரூபாய் வரும். இன்று அது ஒரு மாணவரின் இடைநிலைப் பதிவுக்குப் போதும், பத்தாண்டுகள் கழித்துப் போதாது. பல கல்லூரிகளில் பழைய நினைவுப் பரிசுகள் இன்று ஒரு பேனா வாங்கும் அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். அதே 3 லட்சத்தை ஐந்தாண்டில் செலவழித்தால் ஆண்டுக்கு மூன்று மாணவர்கள் பதிவு செய்யலாம். அந்த மாணவர்களே பின்னாளில் நிதியத்துக்குக் கொடுப்பவர்களாக வரக்கூடும் என்பதால், தொடங்குபவர்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

ஆண்டு நாட்காட்டியும் கணக்கும்

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் துறையோடு பேசி முடித்து, ஜூலையில் விண்ணப்பம் வாங்கி, ஆகஸ்டு இரண்டாம் வாரத்துக்குள் தேர்ந்தெடுத்துவிட்டால், செப்டம்பர் 1-க்கு முன் கட்டணம் கட்ட நேரம் இருக்கும். இறுதியாண்டு முடித்துக் கல்லூரியை விட்டுப் போனவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை அறிவிப்பில் தெளிவாக எழுதுங்கள், அவர்களுக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் தெரியாது, துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

நிதியத்தின் வரவு செலவுக் கணக்கை இறுதியாண்டு மாணவர்களையே எழுதவிடுங்கள். வவுச்சர் எண், வங்கிச் சரிபார்ப்பு, பெறுதல் செலுத்தல் கணக்கு அனைத்தையும் அவர்கள் தயாரிக்கட்டும், குழுவில் உள்ள ஆடிட்டர் அதைத் தணிக்கை செய்து, கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும். உதவி பெற்றவர்களின் பெயருக்குப் பதில் எண்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும், எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் துறைத்தலைவரிடம் தனியே இருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே இப்போதைய நிலையையும் குறித்துவர வேண்டும்: தேர்வுக்குப் படிக்கிறார், ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கிறார், இந்த ஊரில் இந்த வகை வேலையில் சேர்ந்தார், தொடர்பில் இல்லை. தொடர்பில் இல்லாதவர்களின் எண்ணிக்கையை மறைக்காமல் எழுதினால்தான் அடுத்த ஜூனில் துறைத்தலைவரோடு எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது கொடையாளர்களுக்குத் தெரியும்.